பவுணுக்குத் தந்த பற்றுச்சீட்டைப் பிள்ளைக்கும் தாருங்கள்

இலங்கைப் போரை இரண்டு பக்கத்திலும் நின்று நடத்தியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு, முன்னாள் ஜனாதிபதிகளுக்கு, பாதுகாப்புச் செயலாளர்களுக்கு, படைத் தளபதிகளுக்கு, இயக்கங்களில் பொறுப்பாளர்களாக இருந்து இன்று கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் குடியிருப்பவர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

நான் வலிகாமத்தில் விதானையாக, அதாவது கிராம அலுவலராக, வேலை செய்து ஓய்வுபெற்றவன். சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. கட்டளை மட்டும் காலத்துக்கு ஒரு இடத்திலிருந்து வந்தது. எந்தக் கொடி பறந்தாலும் ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுதிவைப்பதுதான் என் வேலை. அந்த வேலையின் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் போதிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் பிடித்துக்கொண்டு போனவர்கள், உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள், நீங்களாகச் சேர்த்துக்கொண்டவர்கள், இவர்களுடைய பெயர்ப் பதிவுகளை வெளியே விடுங்கள். பதிவு எரிந்துவிட்டது, தொலைந்துவிட்டது என்றால் உங்களுக்குத் தெரிந்த இடத்தையும் நாளையும் சொல்லுங்கள்.

போர் முடிந்தபிறகு உங்களில் பலர் புத்தகம் எழுதினீர்கள். எந்தப் படைப்பிரிவு எந்தப் பாதையால் நகர்ந்தது, இயக்கச்சிக் கிணறுகள் கைவிட்டுப் போனபோது ஆனையிறவில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், எந்தக் கட்டளை பிந்தி வந்தது என்றெல்லாம் மணி, நிமிடத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வாசித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரு பாலத்தைக் கடந்த நேரத்தை இத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிறவருக்கு, அந்தப் பாலத்தடியில் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் யாரென்பது மட்டும் மறந்துபோனது எப்படி என்றுதான் விளங்கவில்லை.

உங்களிடம் பதிவு இருக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

1990இல் இந்திய இராணுவம் போய், மறுபடி சண்டை தொடங்கியபிறகு, இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள் இயக்கம், குடும்பத்துக்கு இரண்டு பவுண் தங்கம் கேட்டது. தாலிக்கொடியில் கைவைத்தவர்கள் உண்டு, கடன்பட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு கிடைத்தது. திருப்பித் தருவோம் என்றார்கள். பிறகு சிலருக்குத் திருப்பியும் கொடுத்தார்கள். பல வீடுகளில் அந்தச் சீட்டைக் காணி உறுதியோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் ஒலிபெருக்கி சொன்ன சொல்லுக்கு வலிகாமம் முழுக்க எழும்பிச் செம்மணி வீதியால் நடந்தபோது, உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அந்தச் சீட்டும் ஒரே பொலித்தீன் பையில்தான் போயின.

குடாநாட்டை விட்டு வெளியே போக வேண்டுமா, பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு ஆள்பிணை வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் கொப்பியில் இருந்தது. வழக்குக்கு நீதிமன்றம், களவுக்குக் காவல்துறை, காசுக்கு வைப்பகம் என்று வைத்து நடத்தியவர்கள் ஆள்கணக்கு எழுதாமலா இருந்திருப்பீர்கள்?

பிறகு ஆமியின் காலம். 1996க்குப் பிறகு கொழும்புக்குப் போகக் கிளியரன்ஸ் வேண்டும். ‘லங்கா முடித’ கப்பலில் ஏறித் திருகோணமலை போகிறவர் விதானையின் கடிதம், படம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தார். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி பூட்டப்பட்டதும் மறுபடி அதே வரிசை, அதே படிவம். போர் முடிந்தபிறகும் விடவில்லை. வீடு வீடாக வந்து எத்தனை பேர், யார் யார் என்று பதிந்தார்கள்.

இரண்டு நிர்வாகத்துக்கும் கையொப்பம் வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடதாசி வேலையில் நீங்கள் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. அரச கச்சேரியை, மாவட்டச் செயலகத்தைவிடச் சுத்தமாகக் கோப்பு வைத்தீர்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்று வருகிற தாய்க்கு முதலில் தேவைப்படுவதும் விதானையின் கடிதம்தான். இன்னாருடைய மகன், இந்த ஊரில் நிரந்தரமாக வசிப்பவர், எனக்குத் தெரிந்தவர். அந்தக் கடிதத்தோடு முகாம் வாசலுக்குப் போவார்கள். அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவில்லை என்று பதில் வரும். முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால் நிறுத்தி, தலை ஆடியதும் ட்ரக்கில் ஏற்றியதை ஊரே பார்த்திருக்கும், ஆனாலும் கொண்டுவரவில்லை. இயக்கத்தின் காலத்தில் போனவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். ‘விசாரணை முடிய விடுவம் அம்மா’ என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள். தமிழில் கேட்டதால் அது கூடுதலாக வலித்தது என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

இனி ஒவ்வொருவராக வருகிறேன்.

இயக்கத்தில் பொறுப்பில் இருந்த தம்பிமாரே, தங்கைமாரே. வயதுக்கு அப்படித்தான் கூப்பிட வருகிறது. 1987இல் நல்லூரில் ‘கந்தன் கருணை’ என்ற வீட்டில் மற்ற இயக்கத்துப் பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்த நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 90களின் தொடக்கத்தில் துணுக்காயில் பெரிய தடுப்புமுகாம் இருந்தது. அங்கே கொண்டுபோனவர்களில் திரும்பி வராதவர்களின் பட்டியல் இன்றுவரை எந்தத் தாயின் கைக்கும் வரவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெரு முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து, நகையையும் காசையும் சோதித்துப் பறித்து அனுப்பினீர்கள். அதற்கு மட்டும் ஒரு சீட்டும் எழுதப்படவில்லை. 2002இல் வன்னியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் வருத்தம் சொன்னீர்கள். சரி, சொன்னது நல்லது. எந்த வீட்டில் என்ன எடுத்தோம் என்று சொன்னதாக இல்லை.

போராளிகளின் கழுத்தில் இலக்கத் தகடு இருந்தது. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் புதைகுழி வெளிப்பட்டபோது அப்படிப்பட்ட தகடுகள் எலும்போடு கிடைத்தன. பெண்பிள்ளைகளின் சீருடையும் கிடைத்தது. இலக்கம் அங்கே கிடக்கிறது. அந்த இலக்கத்துக்குரிய பெயர் எங்கே? அந்தப் பதிவேட்டை எழுதியவர், அதைப் பிரதி எடுத்தவர், வன்னியிலிருந்து வெளியே கொண்டுபோனவர் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பீர்கள். ஐரோப்பாவில் ஒரு வீட்டுப் பரணில் அது கிடந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். மாவீரர் நாளுக்கு மண்டபம் எடுத்து, மாலை போட்டு, சாப்பாடும் கொடுக்கிறீர்கள். அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று இழுத்துக்கொண்டு போன பிள்ளைகள் இருக்கிறார்களே, பயிற்சி முடிந்து கிழமைக்குள் களத்தில் விடப்பட்டவர்கள், அவர்களில் பலருடைய பெயர் எந்த மாவீரர் பட்டியலிலும் இல்லை. அவர்களைச் சேர்த்தது யாரென்று உங்களுக்குத்தான் தெரியும். 2004இல் பிரிந்துபோய்ப் பிறகு அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த கருணாவுக்கும் இது பொருந்தும். அதற்கு முதலே வேறு இயக்கங்களிலிருந்து வந்து, இராணுவத்தோடு சேர்ந்து காவல் சென்ட்ரிகளில் நின்று, இப்போது வேட்டி கட்டி வாக்குக் கேட்பவர்களுக்கும் பொருந்தும்.

முன்னாள் ஜனாதிபதி அம்மையார் சந்திரிகா அவர்களுக்கு. 1994 ஒக்டோபரில் உங்கள் தூதுக்குழு ஹெலியில் வந்து இறங்கியபோது யாழ்ப்பாணத்துச் சனம் திரண்டு நின்றதை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நாங்கள் அப்போது ஜாம் போத்தல் விளக்கில் இருந்தோம். பற்றரி தடை, சீமெந்து தடை, மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடையில் கியூ. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். நீங்களும் பிரபாகரனும் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டீர்கள். செஞ்சிலுவைச் சங்கம் தபால்காரர் வேலை பார்த்தது. பொருளாதாரத் தடை, மீன்பிடித் தடை, பூநகரி முகாம், கிழக்கில் ஆயுதத்தோடு நடமாட்டம் என்று அந்தக் கடிதங்களில் இழுபறிப்பட்டீர்கள். 1995 ஜனவரி 8இல் சண்டை நின்றது. ஏப்ரல் 19இல் திருகோணமலையில் இரண்டு பீரங்கிப் படகுகளோடு அதுவும் மூழ்கியது. யூலையில் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஒருவருக்கொருவர் எழுதத் தெரியாதவர்கள் அல்ல நீங்கள். எழுதும்போது மிக நல்ல மொழியில் எழுதினீர்கள்.

அதே 1995இல் நீங்கள் படைகளுக்கு ஒரு பணிப்புரை விடுத்தீர்கள். கைது செய்பவர் தன்னை யாரென்று சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 1997இல் அதை மறுபடியும் வெளியிட்டீர்கள். அதாவது கைதுக்கும் ஒரு பற்றுச்சீட்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 1996தான் எங்களுக்கு வினையாய்ப் போனது. யூலையில் ஸ்ரான்லி வீதியில் குண்டு வெடித்தது, இரண்டு கிழமையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தது, அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த வருடம் அறுநூறு பேரளவில் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லின. என் பிரிவில் எந்த வீட்டிலும் உங்கள் பணிப்புரைப்படி எழுதிய ஒரு துண்டுக் கடதாசியை நான் காணவில்லை.

1998இல் கொழும்பு நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற இராணுவ லான்ஸ் கோப்ரல் ஒருவர், செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். அதோடு மூடினார்கள். 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டியபோது மறுபடி எலும்பு வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையதும் இருந்தன. ஒரு புத்தகப் பை, ஒரு பால் போத்தல், விளையாட்டுப் பொம்மை. அந்தப் பக்கம் 1996இல் காவலரண் போட்டிருந்த படையணி எது, பொறுப்பதிகாரி யார், இரவில் யாருடைய வாகனம் வந்து போனது என்பதெல்லாம் பாதுகாப்பு அமைச்சில் ஒரு கோப்பில் இருக்க வேண்டிய விடயம். தடயவியல் ஆட்கள் பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை.

மகிந்த ராஜபக்ஷ அவர்களே, 1990 செப்டெம்பரில் நீங்கள் ஜெனீவாவுக்குப் புறப்பட்டபோது கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிசார் உங்கள் பையைச் சோதித்து, தெற்கில் காணாமற்போனவர்களின் விபரப் படிவங்களையும் படங்களையும் பறித்தார்கள். நீங்கள் விடாமல் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனீர்கள். அந்தத் தாய்மார் எழுதிக்கொடுத்த படிவங்களைக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர் நீங்கள். அதனால்தான் 2009ஐ நினைக்க எனக்குக் கூடுதல் ஆத்திரம் வருகிறது. ஓமந்தையில், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெற்றோரே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய் ஒப்படைத்தார்கள். மே 18இல் வட்டுவாகலில் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரோடு பலர் சரணடைந்து பஸ்ஸில் ஏறினார்கள். அடிகளார் எங்கள் புனித பத்திரிசியார் கல்லூரியில் அதிபராக இருந்தவர். ஏறியவர்களை மனைவிமார் கண்ணால் பார்த்தார்கள். முல்லைத்தீவு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு விசாரணையில் இராணுவ அதிகாரி ஒருவர் சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்றார். கொண்டுவாருங்கள் என்றதற்கு வந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல்.

உங்கள் தம்பி கோட்டாபய ஜனாதிபதியான கையோடு, 2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். எப்படித் தெரியும், எங்கே, எப்போது, யார் கையால் என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்றார். மரணச் சான்றிதழில் மரணம் நடந்த இடம், திகதி, காரணம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எதைக்கொண்டு நிரப்புவது?

முன்னாள் இராணுவத் தளபதி பொன்சேகா அவர்களுக்கு ஒரு சொல். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்குப் போடப் போனவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் போனவர்களில் கூடுதலானவர்கள் உங்களுக்குத்தான் போட்டார்கள். எங்கள் அரசியலின் கோலத்தைப் பாருங்கள். அந்தக் கடனுக்காவது வாயைத் திறக்கலாம்.

அநுர குமார திசாநாயக்க அவர்களே, நீங்கள் இந்தப் போரை நடத்தியவர் அல்லர், உங்கள் கட்சியான ஜே.வி.பி. அதை ஆதரித்தது. உங்களை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அதனால் மட்டுமல்ல, இப்போது கோப்புகளின் சாவி உங்களிடம் இருக்கிறது. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எங்கள் சனம் உங்களுக்குத் தந்தது. 1989இல் உங்கள் தலைவர் விஜேவீர பிடிபட்ட நிலையில் கொல்லப்பட்டார். உங்கள் ஆயிரக்கணக்கான தோழர்கள் ரயர் போட்டு எரிக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் பட்டலந்த வதைமுகாம் பற்றிய அறிக்கையைத் தூசி தட்டிப் பாராளுமன்றத்தில் வைத்தீர்கள். நல்ல வேலை. ஆனால் பட்டலந்தவிலிருந்து செம்மணிக்கு வருவதற்குள் உங்கள் வாகனத்துக்கு எரிபொருள் முடிந்துவிட்டதுபோல இருக்கிறது. முப்படைகளின் தளபதி நீங்கள்தான். 1996 யாழ்ப்பாணக் கோப்பையும் 2009 வட்டுவாகல் பதிவையும் கொண்டுவா என்று ஒரு கடிதம் போட உங்களுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

டில்லிக்கு அதிகம் எழுதப்போவதில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் உங்கள் படையினர் சுட்டதில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊழியர்கள் வருடாவருடம் படம் வைத்து விளக்கேற்றுகிறார்கள். அந்த விசாரணை அறிக்கை என்று ஒன்று இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

நீங்கள் எல்லோரும் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். வாய் திறந்தால் வழக்கு வரும், ஜெனீவா வரும், விசா கிடைக்காது. அந்தப் பயம் பொய்யில்லை. வட அயர்லாந்தில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். 1999இல் ஒரு ஆணைக்குழு அமைத்து, புதைத்த இடத்தைச் சொல்பவரின் தகவலை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பாவிக்க முடியாது என்று சட்டம் செய்தார்கள். கொன்ற இயக்கமே ஆட்களை அனுப்பிச் சதுப்புநிலத்தில் இடம் காட்டியது. சைப்பிரசில் கிரேக்கரும் துருக்கியரும் ஒரே குழுவில் இருந்து தோண்டுகிறார்கள். யார் கொன்றது என்று அந்தக் குழு எழுதுவதில்லை, எலும்பை அடையாளம் கண்டு குடும்பத்திடம் கொடுக்கிறது.

இதை எழுதுவதற்கு எங்கள் பக்கத்திலேயே எனக்கு ஏச்சு விழும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் றோட்டோரம் இருக்கிற தாய்மாரில் பலர், குற்றவாளியைத் தப்பவிட்டு எலும்பை மட்டும் வாங்கச் சம்மதிக்கமாட்டோம் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீதி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அந்தக் கொட்டிலில் முதல் வருடம் இருந்த பலர் இன்று இல்லை. தகவல் எனக்கு முதலில் வேண்டும், தண்டனை பிந்தி வந்தாலும் பொறுக்கலாம் என்பது என்னுடைய எண்ணம். மற்றவர்கள் மறுக்கட்டும்.

இனி, அனுப்புகிற முறை. உங்கள் பெயரைப் போட வேண்டியதில்லை. செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுக்கலாம், ஆயர் இல்லத்திலோ நல்லை ஆதீனத்திலோ ஒரு உறையில் போட்டுக் கொடுக்கலாம், செம்மணி வழக்கு நடக்கிற யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கே தபாலில் அனுப்பலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுத்துப் பிழையோடு எழுதிய பெயராக இருந்தாலும் அனுப்புங்கள். இயக்கப் பெயர் மட்டும்தான் தெரியும் என்றால் அதை அனுப்புங்கள். ஊர் தெரியாது, கையில் ஒரு தழும்பு இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றாலும் எழுதுங்கள். பெயரை வீட்டோடு பொருத்துகிற வேலையை எங்களிடம் விடுங்கள். பிரிவுக்கு ஒருவர் என்று பழைய விதானைமார் இன்னும் இருக்கிறோம். எந்த வீட்டில் யாரைக் காணவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விதானை ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.